அடியாத மாடும் இழுக்கும் நாயும்

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற வாரம் விடுதி உணவகத்தில் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஆய்வேட்டின் நான்காம் இயல் பாதியில் நிற்கிறது. நீங்களோ ஒரு நாயை நடக்கப் பழக்குவதில் மூன்று மாதங்களைச் செலவிட்டிருக்கிறீர்கள். நாய்க்கு நடக்கத் தெரியாதா என்ன?" மேசையில் இருந்தவர்கள் அனைவரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆயினும் அக்கேள்விக்கு நேரான விடை ஒன்று உண்டு. நாய்க்கு நடக்கத் தெரியும். ஒரு வாரின் ஒரு முனையில் தான், மறுமுனையில் ஒரு மனிதர், எதிரே வரும் மூன்றாமவர் என மூவருக்கும் தீங்கின்றி நடக்கத்தான் தெரியாது. அது எனக்கும் தெரியாதிருந்தது. கற்றுக்கொள்வதற்குள் ஒரு குழந்தையை அச்சுறுத்திவிட்டேன். வாடகை அறையை இழக்கும் நிலைக்கு வந்தேன். அந்தத் தவற்றைப் பற்றியே இப்பதிவு.

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் படிக்கட்டில் வளர்ந்த நாய் பூரி. இந்தியில் அச்சொல் பழுப்பு நிறத்தவளைக் குறிக்கும். காவலர்கள் இட்ட பெயர். தமிழ் மாணவர்களாகிய எங்களுக்கு அதைக் கேட்டதும் கிழங்கு மசாலாதான் நினைவுக்கு வந்தது. கருத்தடை செய்யப்பட்டு, தடுப்பூசி போடப்பட்டு, காதில் அதற்குரிய வெட்டடையாளம் கொண்ட, நான்கு வயது மதிக்கத்தக்க பெண் நாய். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லியின் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டதும், ஆகஸ்ட் 22 அன்று மூவர் அமர்வு அதனைத் திருத்தியதும் நீங்கள் அறிந்தவையே. அந்தத் திருத்தத்தால் பூரி படிக்கட்டிலேயே இருந்தது. நவம்பர் 7 அன்று வந்த ஆணை கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து, இரயில் நிலையங்கள் ஆகியவற்றின் வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றவும், பிடித்த இடத்திலேயே மீண்டும் விடாதிருக்கவும் பணித்தது. அதன்பின் நூலகப் படிக்கட்டில் பூரிக்கு இடமில்லை. நான் வாடகைக்கு இருக்கும் முனிர்க்காவின் மூன்றாம் மாடி அறைக்கு அதனை அழைத்து வந்தேன்.

அந்த ஆணைகளின் நியாயத்தை இங்கே விவாதிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். உலகில் வெறிநாய்க்கடியால் நேரும் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில் நிகழ்கின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நாயைக் கண்டு அஞ்சுபவரை விலங்கு வெறுப்பாளர் என்று ஏளனம் செய்வதை நாய் விரும்பிகளாகிய நாம் நிறுத்த வேண்டும். அவருடைய அச்சத்துக்கு அடிப்படை உண்டு. தெருவில் அஞ்சாமல் நடக்க அவருக்கு உரிமையும் உண்டு. ஆகஸ்ட் 22 ஆணையே நாயைத் தத்தெடுக்க வழி திறந்துவிட்டு, அந்நாய் மீண்டும் தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தத்தெடுத்தவர்மீது வைக்கிறது. அன்பினால் மட்டும் அப்பொறுப்பு நிறைவேறிவிடாது. கழுத்துப்பட்டையிலோ மார்புப்பட்டையிலோ கோக்கப்பட்ட ஒன்றரை மீட்டர் வாரில்தான் அது நாள்தோறும் சோதிக்கப்படுகிறது.

நான்கு ஆண்டுகள் தன் விருப்பப்படி திரிந்த ஒரு விலங்கைப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் கொண்டுவந்து, நாளில் இரண்டு முறை மட்டும் வாரில் கட்டி வெளியே அழைத்துச் சென்றால் அது என்ன செய்யும்? இழுக்கும். நாயின் இயல்பான நடைவேகம் நம்முடையதைவிட அதிகம். நாம் கண்ணால் தெருவைப் பார்த்து நேர்கோட்டில் செல்கிறோம். அது மூக்கால் தெருவை வாசித்து வளைந்து வளைந்து செல்கிறது. முனிர்க்காவின் சந்துகளை அறிந்தவர்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை. இரு கைகளை விரித்தால் இருபுறச் சுவர்களையும் தொடக்கூடிய இடங்களில் இருசக்கர வண்டிகள் புகுந்து வரும். ஒவ்வொரு திருப்பத்தையும் வேறொரு நாய்க் கூட்டம் ஆள்கிறது. முதல் வாரத்திலேயே பூரி ஒரு பூனையைக் கண்டு பாய, நான் முழங்கால் சிராய்ந்து விழுந்தேன். தரைத்தளத்தில் வசிக்கும் ஐந்து வயதுச் சிறுமி அதைப் பார்த்துவிட்டுக் கதவின் பின்னே ஒளிந்தாள். வீட்டுக்கார ஆன்ட்டி மாடிப்படியில் நின்று, "பேட்டா, நாயை நீ கூட்டிப்போகிறாயா, நாய் உன்னைக் கூட்டிப்போகிறதா?" என்று கேட்டார்.

பயிற்சியாளர் ஒருவரை அழைத்தேன். அவர் வைத்திருந்த தீர்வு ஓர் இறுக்குச் சங்கிலி. நாய் முன்னே பாய்ந்தால் சட்டென்று சுண்டி இழுக்க வேண்டும்; சங்கிலி கழுத்தை நெரிக்கும்; பின் தளர்ந்துவிடும். "நாய் ஓநாயின் வம்சம். கூட்டத்துக்கு ஒரு தலைவன் உண்டு. நீங்கள்தான் தலைவர் என்று அதற்குப் புரிய வைக்காவிட்டால் அது தலைவராகிவிடும்" என்றார். அன்றிரவு தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். "அடியாத மாடு படியாது என்று சும்மாவாம்மா சொன்னார்கள்?" என்றார். அவர் கடுமையானவர் அல்லர். ஆசிரியர் கையில் பிரம்பும், பெற்றோர் கையில் அதற்கான ஒப்புதலும் இருந்த ஒரு தலைமுறையைச் சேர்ந்தவர், அவ்வளவுதான்.

முறை பலித்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான்கே நாளில் பூரி இழுப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. என் காலோடு ஒட்டி, தலையைத் தாழ்த்தி நடந்தது. தெருவில் பாராட்டினார்கள். ஆனால் சங்கிலியை ஆணியிலிருந்து எடுக்கும் ஓசை கேட்டால் முன்பு வாலாட்டி ஓடிவந்த நாய், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதைப் பணிவு என்று நான் எடுத்துக்கொண்டேன். பதினோராம் நாள் காலை படியிறங்கும்போது அச்சிறுமி பள்ளிச் சீருடையில் எதிரே வந்தாள். நான் வாரை இழுக்கவில்லை. பூரி தானாகவே உறைந்து நின்று, உதட்டை உயர்த்திப் பல்லைக் காட்டி உறுமியது. படிக்கட்டில் நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு நடுவே நான்கு ஆண்டுகள் உறங்கிய நாயிடமிருந்து அத்தகைய ஒலியை அதற்குமுன் நான் கேட்டதில்லை. கடிக்கவில்லை. குழந்தை அலறினாள். மாத இறுதிக்குள் நாயோ நானோ வெளியேற வேண்டும் என்று ஆன்ட்டி சொன்னதில் தவறேதும் இல்லை.

என்ன நடந்தது என்பதைப் பூரியின் பக்கத்திலிருந்து பார்க்கச் சில நாள்கள் பிடித்தன. அந்தப் பத்து நாள்களில் சிறுமியைக் கண்டபோதெல்லாம் பூரி ஆர்வத்தோடு அவளை நோக்கி நகர்ந்தது. அப்போதெல்லாம் நான் சுண்டினேன், கழுத்து நெரிந்தது. "முன்னே பாயாதே" என்று கற்பிப்பதாக நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாய் கற்றதோ வேறு: இந்தச் சிறிய உருவம் தோன்றினால் கழுத்து வலிக்கும். தண்டனைக்கு இயல்பாகவே உள்ள குறை இது. எந்தச் செயலுக்காகத் தண்டிக்கிறோம் என்பது தண்டிப்பவருக்குத்தான் தெரியும். தண்டிக்கப்படும் உயிர் அவ்வலியை அந்நொடியில் கண்முன் இருக்கும் எதனோடும் இணைத்துக்கொள்ளலாம்: ஒரு குழந்தை, ஒரு குடை, தாடி வைத்த ஒரு முதியவர். என் சங்கிலியின் விலையை நானும் செலுத்தவில்லை, பயிற்சியாளரும் செலுத்தவில்லை. ஒன்றுமறியாத ஓர் ஐந்து வயதுக் குழந்தை செலுத்த இருந்தாள்.

நான் வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்பவள். ஒரு கூற்றைக் கேட்டதும் அது எங்கிருந்து வந்தது என்று வினவுவதுதான் என் தொழில். "தலைவர்" என்ற கருத்தை அப்படி வினவாமல் ஏற்றது என் முதல் பிழை. ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட ஓநாய் ஆய்வு அதன் முக்கிய ஊற்று. அவர் பார்த்தவை பாசல் விலங்குக் காட்சியகத்தில் அடைபட்டிருந்த ஓநாய்கள். தப்பிச்செல்ல இடமின்றி ஒரே வேலிக்குள் இருந்த அவற்றிடையே அவர் கண்ட போட்டியே ஓநாயின் இயல்பு எனப் பரவியது. அமெரிக்க உயிரியலாளர் டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை மேலும் பரப்பியது. பின்னர் அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகளில் காட்டு ஓநாய்களை நேரில் கவனித்து, 1999இல் தம் முந்தைய கருத்தைத் தாமே திருத்தினார்: இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பமே, அங்கே 'தலைவர்' எனப்படுவது பெற்றோர். ஓர் அறிஞர் தம் பிழையைத் தாமே திருத்திக் கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அத்திருத்தம் முனிர்க்காவுக்கு இன்னும் வந்துசேரவில்லை.

சங்கிலியைச் சுண்டும் முறைக்கும் வரலாறு உண்டு. ஜெர்மானியரான கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய காவல்துறை நாய்களுக்கான பயிற்சி நூலில் வலுக்கட்டாயம் ஒரு தூணாக நிற்கிறது. பின்னாளில் வீட்டு நாய்களுக்கான பயிற்சியும் அந்தப் படைப் பயிற்சியின் வழியே வளர்ந்தது. இதற்கு இணையாக வேறோர் ஓடையும் ஓடிக்கொண்டிருந்தது. 1898இல் எட்வர்ட் தார்ண்டைக் புதிர்ப்பெட்டிகளில் பூனைகளை இட்டு, இன்பமான விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும் என்று கண்டார். ஸ்கின்னர் அதனை விரித்து, 1951இல் பொதுவாசகர்களுக்காக விலங்குகளுக்குக் கற்பிக்கும் முறை பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். கேரன் பிரையர் டால்ஃபின்களோடு பணியாற்றியவர். திறந்த நீர்த்தொட்டியில் நீந்தும் டால்ஃபினுக்குச் சங்கிலி மாட்ட முடியாது. பிடிக்கவில்லையென்றால் அது விலகிச் சென்றுவிடும். ஆகவே அது விரும்பி வரும்படி கற்பித்தாக வேண்டும். அந்த அனுபவத்தை அவர் 1984இல் நூலாக்கியபின், நாய்ப் பயிற்சியின் போக்கே மாறத் தொடங்கியது.

இதையெல்லாம் படித்தபோது வெட்கமாக இருந்தது. காரணம் எளியது. பூரிக்கு இழுக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். அது ஒரு மின்கம்பத்தை நோக்கி இழுக்கிறது, நான் இரண்டடி பின்னால் போகிறேன், கம்பம் கிடைக்கிறது. இழுத்தால் விரும்பியது கிடைக்கும் என்பது பாடம். சில நாள் பொறுமையோடு நின்றேன், அவசர நாள்களில் பின்தொடர்ந்தேன். இடைவிட்டு இடைவிட்டுக் கிடைக்கும் பரிசு ஒரு பழக்கத்தை எவ்வளவு உறுதியாக்கும் என்பதை ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். சூதாடி மேசையை விட்டு எழாததும் இதனால்தான். இழுக்கும் நாய் கீழ்ப்படியாத நாய் அன்று. நன்கு பாடம் படித்த நாய்.

ஆகவே பாடத்தை மாற்றினேன். ஆன்ட்டியிடம் ஆறு வாரத் தவணை கேட்டேன். அதுவரை சிறுமி பள்ளி செல்லும் நேரத்திலும் திரும்பும் நேரத்திலும் நாயோடு படியிறங்க மாட்டேன் என்று வாக்களித்தேன். சங்கிலியைத் தூக்கி எறிந்து, தோளசைவைத் தடுக்காமல் மார்பில் ஒய்-வடிவில் பொருந்தும் பட்டையும் இரண்டு மீட்டர் வாரும் வாங்கினேன். முதல் வாரம் தெருவுக்கே போகவில்லை; பயிற்சி அறைக்குள்ளும் மொட்டைமாடியிலுமே நடந்தது. வார் தொய்ந்திருக்க, பூரி என் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு முறையும் வேகவைத்த கோழித்துண்டு, சுண்டுவிரல் நகத்தளவு. கொடுப்பது என் காலருகில், தொடைத் தையலை ஒட்டி. அப்போதுதான் அந்த இடம் நாய்க்கு நல்ல இடமாகிறது. பிறகு மாடிப்படி, பிறகு விடியற்காலை ஐந்து மணிச் சந்து.

சந்தில் விதி ஒன்றே: வார் இறுகினால் நான் மரம்; தொய்ந்தால் நடை. திட்டுவதில்லை, சுண்டுவதில்லை, நிற்பது மட்டும்தான். நாய் திரும்பிப் பார்க்கும் நொடியில் வார் தானே தளர்கிறது, உடனே நடக்கிறோம். முதல் நாள் அறுபது மீட்டர் செல்ல நாற்பது நிமிடம் ஆயிற்று. மூன்றாம் நாள் பூரி முன்னைவிடக் கடுமையாக இழுத்தது. பாலகர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். இது எதிர்பார்க்க வேண்டியதே. இதுவரை பலன் தந்த செயல் திடீரெனப் பலன் தராமற்போனால், எந்த உயிரும் கைவிடுமுன் அச்செயலை ஒருமுறை உரக்கச் செய்து பார்க்கும். பணம் விழுங்கிய இயந்திரத்தின் பொத்தானை நாம் குத்துவதைப் போல. அந்தக் கட்டத்தில் மனம் தளர்ந்து பின்னால் போனால், இன்னும் கடுமையாக இழுக்க வேண்டும் என்ற புதிய பாடத்தைக் கற்பித்தவர்கள் ஆவோம்.

பரிசு எப்போதும் தின்பண்டமாக இருக்க வேண்டியதில்லை. நாய் எதை நாடி இழுக்கிறதோ அதுவே மிகப் பெரிய பரிசு. மின்கம்பம் வரை தொய்ந்த வாரோடு வந்தால், "போ" என்று விட்டு இரண்டு நிமிடம் முகர விடுகிறேன். ஷார்லாட் துராந்தோனும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்சும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இரு வாரம் முகர்தல் விளையாட்டில் ஈடுபட்ட நாய்கள் நிச்சயமற்ற ஒரு சூழலை முன்னைவிட நம்பிக்கையோடு அணுகின. அதே காலம் காலொட்டி நடக்க மட்டும் பழகிய நாய்களிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. முகரவே விடாமல் இழுத்துச் செல்லும் நடை நாய்க்கு நடையே அன்று. நம் நாட்டு ஆய்வும் இதில் பின்தங்கியதில்லை. கொல்கத்தா ஐசரில் அனிந்திதா பத்ராவின் குழு பல ஆண்டுகளாகத் தெருநாய்களை ஆராய்ந்து வருகிறது. அறிமுகமற்ற மனிதரோடு மீண்டும் மீண்டும் பழகும்போது, தெருநாய்களின் நம்பிக்கையை வளர்ப்பதில் உணவைவிட வருடல் வலியது என்று 2017இல் அவர்கள் காட்டினார்கள். தெருநாய் பழகாது, நாய் வாலை நிமிர்த்த முடியாது என்றெல்லாம் சொல்வோர் அவற்றை வாசிக்கலாம்.

பிற நாய்க் கூட்டங்களே கடினமான பகுதி. வெளிநாட்டுக் காணொளிகளில் வெறிச்சோடிய நடைபாதைகளைக் கண்டு, இது நம் தெருவுக்கு ஒவ்வாது என்று பலர் கைவிடுகிறார்கள். ஒவ்வும், தூரத்தைக் கணக்கிட்டால். ஒவ்வொரு நாய்க்கும் பிற நாயைக் கண்டும் காது கேட்கும், உணவு உண்ணும் ஒரு தொலைவு உண்டு. பூரிக்கு அது முதலில் முப்பது மீட்டர். அதற்குள் நுழைந்தால் எந்தப் பயிற்சியும் ஏறாது, திரும்பிவிட வேண்டியதே. அத்தொலைவில் நின்று எதிர்க் கூட்டத்தைப் பார்க்கும், உடனே கோழித்துண்டு வரும். வாரங்கள் செல்லச் செல்ல முப்பது பத்தாயிற்று. இதே வழியைத்தான் சிறுமிக்கும் கையாண்டேன். அவள் தாயின் இசைவோடு, அவள் தன் வீட்டுச் சன்னலின் உள்ளே, நாங்கள் தெருவின் கோடியில். அவள் தெரிந்தால் உணவு, மறைந்தால் நின்றுவிடும். கழுத்தில் நான் எழுதியதை அழித்து எழுத வேண்டியிருந்தது. எழுதியது பத்து நாளில். அழிக்க ஏழு வாரம் ஆயிற்று.

இனி, நான் கேட்ட மறுப்புகள். தின்பண்டம் கொடுப்பது லஞ்சம் என்கிறார்கள். லஞ்சம் என்பது செய்யக் கூடாததைச் செய்ய முன்கூட்டிக் கொடுப்பது. செய்த வேலைக்குப் பின்னர் கொடுப்பது கூலி. நம் உதவித்தொகை இரண்டு மாதம் தாமதமானால் நாம் எவ்வளவு அமைதியாக நடக்கிறோம் என்று பார்த்தோமே. வலிமிக்க பெரிய நாய்க்கு இது போதாது என்கிறார்கள். பெரிய நாய்க்கு அச்சத்தால் உண்டாகும் சீற்றம் இன்னும் பெரிய ஆபத்து என்பதே என் விடை. வண்டி வரும்போது வாரை இறுகப் பிடிப்பதை யாரும் தவறென்று சொல்லவில்லை. அது காப்பு, கற்பித்தல் அன்று. சுண்டும் முறையும் சேதமின்றிப் பலிக்கிறதே என்கிறார்கள். போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களைக் கொண்டு நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், தண்டனை மிகுந்த பள்ளிகளில் பயின்ற நாய்கள் பயிற்சியின்போது அதிகப் பதற்றக் குறிகளைக் காட்டின. பயிற்சிக்குப்பின் உமிழ்நீரில் அழுத்த ஹார்மோன் மிகுந்திருந்தது. உணவு இருக்குமா இராதா என்று தெரியாத கிண்ணத்தை அவை தயக்கத்தோடே அணுகின. சேதம் உண்டு, நம் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கிறது.

நான் எளிதில் தள்ள முடியாத மறுப்பு ஒன்று உண்டு: நேரம் யாருக்கு இருக்கிறது? தென் தில்லியின் குடியிருப்புகளில் மாலையில் பாருங்கள். உயர்சாதி இன நாய்களை நடத்திச் செல்பவர்கள் பெரும்பாலும் உரிமையாளர்கள் அல்லர். மாதக் கூலிக்கு வரும் இளைஞர்கள், வீட்டுவேலை செய்யும் பெண்கள். ஒரு கையில் இரண்டு நாய், பத்து நிமிடக் கெடு. நாய் பாய்ந்தால் விழுவது அவர்கள். கடித்தால் பழி ஏற்பதும் அவர்கள். அவர்களிடம் போய்ச் சங்கிலியைச் சுண்டாதீர்கள் என்று உபதேசிக்க எனக்கு வாய் வரவில்லை. கற்பிக்க வேண்டியவர் வீட்டுக்குள் இருக்கிறார். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நாயை நெடுநேரம் குறுகிய சங்கிலியில் கட்டிவைப்பதை மட்டும் குற்றமாக்கவில்லை. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குத் தக்க உடற்பயிற்சி அளிக்கத் தவறும் உரிமையாளரையும் அதே 11ஆம் பிரிவில் சேர்க்கிறது. நாயின் நடை உரிமையாளரின் கருணையைப் பொறுத்ததன்று, அவர் கடமை என்று சட்டம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. இழுக்காத நாயை அந்த இளைஞரின் கையில் கொடுப்பதும் அக்கடமையில் சேரும் என்பேன்.

கல்விப்புலத்தில் இருப்பவர்கள் வாசிக்கும் பதிவு என்பதால் ஒன்று கூறி முடிக்கிறேன். நாயும் மாணவரும் ஒன்றல்லர். அப்படி ஒப்பிடுவது இருவருக்கும் இழுக்கு. ஆனால் கற்பிப்பவரின் மயக்கம் இரண்டிடத்திலும் ஒன்றே. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2009இல் பிரம்பைப் பள்ளியிலிருந்து விலக்கியது. அதற்கு அடியில் இருந்த நம்பிக்கையை எந்தச் சட்டமும் விலக்கவில்லை. 'அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவார்' என்று இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். தலை தாழ்த்தி என் காலோடு ஒட்டி நடந்த பூரியைப் பார்த்து, கற்றுக்கொண்டுவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். அது கற்றது இழுக்காதிருக்க அன்று. என்னிடம் எதையும் காட்டாதிருக்க. கருத்தரங்க அறையில் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்ட ஆய்வு மாணவரைப் பார்த்து, இப்போதுதான் பக்குவம் வந்திருக்கிறது என்று சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். அடக்கத்தையும் அமைதியையும் வேறுபடுத்தி அறிய அவர்களுக்கு ஒரு நாய் தேவைப்படலாம்.

ஒரு வேண்டுகோள். நவம்பர் ஆணைக்குப்பின் பல வளாகங்களிலிருந்து மாணவர்கள் நாய்களைத் தத்தெடுத்துச் சென்றிருக்கிறார்கள். அவற்றுள் சில சில வாரங்களிலேயே, இழுக்கிறது, சமாளிக்க முடியவில்லை என்று கைவிடப்படுவதையும் பார்க்கிறேன். தத்தெடுப்புப் படிவத்தில் கையொப்பம் வாங்குவதோடு நிறுத்தாமல், வாரில் நடத்துவதற்கு நான்கு வாரப் பயிற்சியை நம் பல்கலைக்கழகங்களே நடத்தலாம். உளவியல் துறை இருக்கிறது. கற்றல் கோட்பாடு பாடத்திட்டத்தில் இருக்கிறது. மாணவர்கள் அதை எலிப் படம் வரைந்து தேர்வெழுதுகிறார்கள். மைதானத்தில் ஒரு மூலையும் காலை ஒரு மணி நேரமும் போதும். நாய்க்கு அஞ்சுபவர்களையும் அழைக்க வேண்டும். எவ்வளவு தொலைவில் தமக்கு அச்சம் தொடங்குகிறது என்று அவர்கள் சொல்லட்டும். அத்தொலைவுக்கு வெளியே நாங்கள் பயிற்சி செய்வோம்.

பூரி முழுமையாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பூனையைக் கண்டால் இன்னும் வார் இறுகுகிறது. நான் இன்னும் மரமாகிறேன். ஆன்ட்டி அந்தத் தவணையை மாதாமாதம் நீட்டித்துக்கொண்டிருக்கிறார்; எழுத்தில் ஏதும் தரவில்லை. சிறுமி பூரியைத் தொடுவதில்லை. தொட வேண்டும் என்று நானும் விரும்பவில்லை. அஞ்சாமல் படியிறங்க அவளுக்கு முடிந்தால் போதும். நேற்றுக் காலை நாங்கள் திருப்பத்தில் ஒதுங்கி நிற்க, அவள் சுவரை ஒட்டி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பூரியைப் பார்த்தபடியே கடந்து சென்றாள். பூரி அவளைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. கையில் வார் தொய்ந்து கிடந்தது.

சனிக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு நூலகத்தின் பின்புற மைதானத்தில் மூவர் தத்தம் நாய்களோடு வருகிறோம். நாங்கள் யாரும் வல்லுநர்கள் அல்லோம். தத்தெடுத்தவர்கள் யாரேனும் இருந்தால் வாருங்கள். கோழித்துண்டு உங்களுடையது, சங்கிலியை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.